வாயில் பறி

டிசம்பர் கடைசியில் கம்பெனியில் லீவு விட்டார்கள். மிஷின்களைப் பிரித்துச் சுத்தம் செய்ய வருஷா வருஷம் விடுகிற லீவு. சுரேஷ் அதற்காகவே புத்தகம் எடுத்து வைப்பான். தை மாதம் சென்னைக்குப் போய்ப் புத்தகக் கண்காட்சியில் வாங்கியதைச் சணலால் கட்டிப் பரணில் வைத்துவிடுவான். வேலைக்குப் போகும் கும்மிடிப்பூண்டி ரயிலில் படிப்பது லைப்ரரிப் புத்தகம். கட்டி வைத்ததை டிசம்பரில்தான் அவிழ்ப்பான்.

இந்த வருஷம் கட்டை அவிழ்க்காமலே பையில் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்தான். பொன்னேரியில் பஸ் ஏறி, பழவேற்காட்டில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தான். அவன் மனைவி மாலதி அங்கே வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திரும்பி வரப்போவதில்லை என்று போனில் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்.

வந்த அன்றே அவளை அம்மா ராஜாத்தி விசாரித்திருந்தாள்.

"அடிக்கிறானா?"

"இல்ல."

"குடிக்கிறானா?"

"இல்ல."

"வேற எவளாவது?"

"அதெல்லாம் இல்லமா."

"அப்புறம் இன்னாடி?"

"படிக்கிறான்."

ராஜாத்தி யோசித்தாள். "பரீட்சைக்கா?"

"சும்மாதான். வேலைக்குப் போறப்போ ரயில்ல படிக்கிறான். வந்து படிக்கிறான். சோறு போட்டா தட்டுக்குப் பக்கத்துல வெச்சிக்கினு படிக்கிறான். நான் பேசினா ம்னு சொல்றான். நான் நிறுத்தினாகூட அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டுல செவுத்தோட பேசற மாதிரி கீது."

"இதுக்கா வந்த?"

"இதுக்குத்தான்."

அப்பா சுப்பன் இறால் பண்ணையில் வாட்ச்மேன். பகலில் தூங்குவார். தூக்கத்தில் இருப்பதாக எல்லோரும் நினைத்திருந்தபோது, "ம்னு சொல்றது பேச்சுதானே," என்றார். மாலதி அவரைப் பார்க்கவில்லை.

சுரேஷ் வந்ததும் ராஜாத்தி டீ போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்தான். யாரும் எதையும் கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் பையைத் திறந்து சணலை அவிழ்த்தான். ஐந்து புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தான். எல்லாவற்றிலும் தடித்ததை எடுத்துக்கொண்டு சமையல் மறைப்புக்கு வெளியே, ஓலைத் தட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

உள்ளே மாலதியும் ராஜாத்தியும் மீன் ஆய்ந்துகொண்டு பேசினார்கள். அவன் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் விரலை லுங்கியில் துடைத்துக்கொள்வான். நல்ல இடம் வந்தால் உதடு அசையும். சத்தம் வராது. பக்கத்தின் மூலையை மடிக்க மாட்டான், பழைய ரயில் டிக்கெட்டை வைப்பான். இதையெல்லாம் மாலதி ஆறு மாதமாகப் பார்த்திருந்தாள். இப்போதும் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சண்டை போட வந்தவன் மாதிரியும் இல்லை, சமாதானம் பேச வந்தவன் மாதிரியும் இல்லை.

தெருவில் போன ஜமுனா நின்றாள். ராஜாத்திக்குச் சின்னம்மா மகள் அவள், மாலதிக்குச் சித்தி.

"இன்னா மாப்ள, கலெக்டர் பரீட்சையா?"

"இல்ல சித்தி. கதை."

"கதையா? எங்களுக்கும் சொல்லேன்."

அவன் சிரித்தான். அதோடு சரி.

"வாய்ல முத்து கீது போல," என்று ஜமுனா தட்டிக்குள் பார்த்துச் சொன்னாள்.

"சொல்லிக்கோ சித்தி, இன்னும் நல்லா சொல்லு," என்றாள் மாலதி.

*

அந்த ஊரில் வலை கிடையாது. கையால் தடவி இறால் பிடிப்பார்கள். மழை நின்று முகத்துவாரம் திறந்த பிறகு வரும் சில வாரங்கள் இறாலுக்கு நல்ல பருவம். அப்போது யாரும் வீட்டில் இருப்பதில்லை.

ஜோடி ஜோடியாக வரிசை கட்டி இறங்குவார்கள். முன்னால் போகிறவர் சேற்றில் காலை அழுத்தி மிதித்துப் போவார். அதிர்வுக்கு ஒதுங்குகிற இறால் அந்தக் காலடிக் குழியில் போய்ப் பதுங்கும். பின்னால் வருகிறவர் குந்திய நிலையில் கழுத்தளவு நீரில் நகர்ந்து இரண்டு கைகளாலும் குழியைத் தடவி எடுப்பார். எடுத்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. அதைக் கழுத்தில் கட்டினால் குனியும்போது முங்கும். இடுப்பில் கட்டினால் கை எட்டாது. அதனால் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி தாடைக்குக் கீழே மிதந்துகொண்டே வரும்.

ஒற்றை ஆளுக்கு வரிசையில் இடமில்லை. ஒரு ஜோடியின் காலடிக் குழியில் இன்னொரு ஜோடி கை வைக்கக் கூடாது. இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்து ஜோடி நெருங்கி வந்துவிடும். அப்புறம் கேட்க முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் ராஜாத்தியும் மாலதியும் ஜோடி. மாலதி போன பிறகு ராஜாத்தி யார் யாரோடோ ஒட்டிக்கொண்டு போய் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்தாள். மாலதி வந்ததும் மறுபடி இருவரும் இறங்கினார்கள். சுரேஷ் வந்த மறுநாள் ராஜாத்தியின் உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறியது. சாயங்காலத்துக்குள் கை பன் மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

மாலதி தட்டியைத் தாண்டி வந்து சுரேஷின் எதிரில் நின்றாள். அவன் வந்ததிலிருந்து அவனிடம் அவள் நேராகப் பேசியது அப்போதுதான்.

"நான் பொன்னேரிக்கு வரல."

அவன் தலை தூக்கினான்.

"இங்கதான் இருக்கப் போறேன். இருக்கணும்னா வரிசைல இடம் வேணும். அம்மா கை ஆற வரைக்கும் ஜோடிக்கு ஆள் இல்ல. லீவு முடியற வரைக்கும் நீ வந்து இறங்கு."

அவன் டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினான்.

"இப்பவேவா?" என்றான்.

"காலைல."

"சரி," என்று சொல்லிப் புத்தகத்தை மறுபடியும் திறந்தான்.

மாலதி உள்ளே போய்ப் பாத்திரத்தை நகர்த்தினாள். நகர்த்த வேண்டிய பாத்திரம் இல்லை அது.

"அவன உட்டுப் போறதுக்கு அவனையே ஒத்தாசைக்குக் கூப்டற," என்றாள் ராஜாத்தி.

"ஏன்னு கூட ஒரு வார்த்த கேக்கல பாத்தியா."

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

மாலதி பாத்திரத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

*

சுரேஷ் உறவுதான். ஆனால் அவனுடைய அப்பா காலத்திலேயே ஏரியை விட்டுப் பொன்னேரிக்குப் போய்விட்டார்கள். அவன் ஏரியில் இறங்கியதில்லை. ஆழம் தெரிந்தவர் முன்னால் போக வேண்டும் என்பதால் மாலதி மிதித்தாள். அவன் பின்னால் பறியைக் கடித்துக்கொண்டு வந்தான். தண்ணீர் குளிர்ந்திருந்தது. முதல் நாள் அவனுக்கு நண்டு கடித்தது, இறாலின் கொம்பு நகத்துக்கடியில் ஏறியது. பிடித்ததைவிட நழுவியது அதிகம். நிதானமாக ஒவ்வொரு குழியையும் முழுவதும் தடவினான். அதனால் வரிசை முன்னே போய்விட்டது.

"பக்கம் பக்கமா தடவுது பாருடி மாப்ள," என்று ஜமுனா கத்தினாள். அவளும் முன்னால் மிதிக்கிறவள்தான். வாயில் கயிறு இல்லை. அவள் பின்னால் மருமகள் செவ்வந்தி பறியைக் கடித்துக்கொண்டு வந்தாள். "சீக்கிரம் திருப்பு மாப்ள, கதை முடியறதுக்குள்ள ஏரி வத்திடும்."

பறியைக் கடித்தவர்களால் சிரிக்க முடியாது. மூக்கால் சிரித்தார்கள்.

முன்னால் போகிறவர் பேசுவார், பின்னால் வருகிறவர் கேட்பார். அதுதான் வழக்கம். ராஜாத்தியோடு போனபோதும் மாலதிதான் பேசுவாள். இப்போது முதல் நாள் முழுவதும் பேசாமல் மிதித்தாள். இரண்டாம் நாள் கால் பள்ளத்தில் இறங்கியபோது, "இங்க ஆழம், இடது பக்கமா வா," என்றாள்.

"ம்," என்றான் அவன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. அதிலிருந்து ஆரம்பித்தாள். பொன்னேரி வீட்டில் ஜன்னல் ஒன்றுதான் இருப்பதை, அதுவும் சுவரைப் பார்த்து இருப்பதைச் சொன்னாள். அவன் ஷிஃப்ட் மாறிய வாரத்தில் இரண்டு நாள் அவள் யாரோடும் பேசாமல் இருந்து பார்த்ததைச் சொன்னாள். அதை அவன் கவனிக்கவில்லை என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் வந்த வேறொரு வரனைப் பற்றிச் சொன்னாள். லாரி டிரைவர், வாய் ஓயாது, அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை என்றாள்.

பின்னாலிருந்து ம் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் ஒன்றைக் கவனித்தாள். பொன்னேரியில் அவள் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போதெல்லாம் ம் வரும், கடிகாரம் மாதிரி. இங்கே அப்படி வரவில்லை. சில இடத்தில் வரவே இல்லை. சில இடத்தில் அவள் முடிப்பதற்கு முன்பே வந்தது. லாரி டிரைவரைப் பற்றி மறுபடி சொன்னபோது சின்னதாக, தொண்டைக்குள் ஒன்று வந்தது. வேண்டுமென்றே மூன்றாவது முறையும் சொல்லிப் பார்த்தாள். அதே ம் வந்தது. அதற்குமேல் டிரைவரை விட்டுவிட்டாள்.

கரையேறியதும் அவன் குளித்துவிட்டு ஓலைத் தட்டியில் சாய்ந்து புத்தகத்தைத் திறப்பான். சேற்றில் ஊறிய விரல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஈரம் காயும்வரை பக்கத்தைத் தொடாமல், திறந்த இரண்டு பக்கங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். மாலதி உள்ளே பேசிக்கொண்டு சமைத்தாள். லீவு முடிவதற்குள் அவன் ஒரு புத்தகத்தை முடித்து இரண்டாவதற்கு வந்திருந்தான். மற்ற மூன்றும் பையிலேயே இருந்தன.

"அஞ்சையும் முடிச்சிருப்பார், நீதான் கெடுத்துட்ட," என்றாள் ராஜாத்தி.

"முடிச்சா இன்னா, மெடலா குடுக்கறாங்க?"

*

புத்தாண்டு அன்று பாதிப் பேர்தான் இறங்கினார்கள். வாடைக் காற்று இருந்தது. தூரத்தில் நாரைக் கூட்டம் நின்றிருந்தது. யாரும் பார்க்கவில்லை. இறால் நன்றாக இருந்தது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் சுரேஷின் பறி முக்கால் நிறைந்து, கயிறு அவன் தலையைக் கீழே இழுத்தது.

மறுநாள் அவனுக்குக் கம்பெனி. ராஜாத்தியின் கை ஆறிவிட்டது. மாலதி மிதித்துக்கொண்டே பேசினாள்.

"நாளைக்கு நீ போயிடுவ. எனக்கு இடம் நின்னுடுச்சு. உனக்கும் நிம்மதி. நொய் நொய்னு காதுல யாரும் பேச மாட்டாங்க. எவ்ளோ வேணா படிக்கலாம்."

ம் வரவில்லை.

அவள் திரும்பினாள். அவன் குழிக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி, கயிற்றைக் கடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, ம் கூட இல்லியா? நான் வரணுமா வேணாமா? அதையாவது சொல்லேன்."

கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு பேசியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எட்டு நாளில் அவனும் அதைப் பார்த்திருந்தான். ஆனால் கை இரண்டும் கீழே ஓர் இறாலைச் சுற்றி மூடியிருந்தன. அவன் வாயைத் திறந்தான்.

"வா," என்றான்.

பறி போனது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் திறந்து, நீரோட்டத்தில் ஜமுனா பக்கம் போயிற்று. வெள்ளை இறால்கள் துள்ளித் துள்ளி விழுந்தன.

"மாப்ள, பறி! பறி!" என்று ஜமுனா கத்தினாள்.

அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீ வந்த அந்த ஒரு வாரம் ஒரு பக்கம் ஓடல," என்றான். "லைப்ரரி புக்க பாதியிலயே திருப்பிக் குடுத்துட்டேன். வீட்டுல சத்தமே இல்ல. கட்ட அவுக்கக்கூடத் தோணல. இங்க வந்து நீ உள்ள பேசற சத்தம் கேட்டப்புறம்தான் ஓடிச்சு. நீ பேசிக்கினு இருந்தாத்தான் எனக்குப் படிப்பு ஓடும்."

மாலதி இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப நான் இன்னா, ரேடியோவா?"

வரிசை முழுவதும் மூக்கால் சிரித்தது. செவ்வந்திக்கு அடக்க முடியவில்லை. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

சுரேஷ் யோசித்தான்.

"மாடி வீட்டம்மா மோட்டார நிறுத்தறதுக்கு முன்னாடி உன் கொடம் நெறஞ்சிச்சானு எட்டிப் பாக்கும்னு சொன்ன. நெறையலனா உடனே நிறுத்திடும்னு சொன்ன. அது ஆடி மாசம்."

"அதுக்கு?"

"உன்கூடப் படிச்ச மஞ்சு பஸ்ஸுல மயங்கி விழுந்தப்போ அவ செருப்ப ஒரு போலீஸ்காரர் கைல எடுத்துக்கினு பின்னாடியே ஓடினார்னு சொன்ன. கல்யாணத்துல தாலி கட்டறப்போ என் கை ஆடிச்சுனு சொன்ன. நீ சிரிப்ப அடக்க நாக்கக் கடிச்சிக்கினேன்னு சொன்ன. உங்க நைனா பந்தலுக்குப் பின்னாடி நின்னு அழுதார், நீ மட்டும் கண்ணாடியில பாத்தேன்னு…"

"வாய மூடு," என்றாள் மாலதி.

"அதுக்கப்புறம் அவர் வந்து சாம்பார் காரம்னு சத்தம் போட்டது…"

"எல்லாரும் கேக்கறாங்க. வாய மூடுயா."

அவன் மூடிக்கொண்டான். கைகள் இன்னும் தண்ணீருக்குள் இருந்தன. மெதுவாக வெளியே எடுத்தான். அந்த ஒரு இறால் இருந்தது. அதைப் போட இடமில்லை.

மிதந்து வந்த பறியைச் செவ்வந்தி பிடித்து ஜமுனாவிடம் கொடுத்தாள். ஜமுனா உள்ளே பார்த்தாள். ஏழெட்டு இறால், ஒரு குட்டி நண்டு.

"மீதியெல்லாம் என் குழியில விழுந்துடுச்சு," என்றாள். "என் குழியில கீறது என்னுது. தெரியுமில்ல மாப்ள?"

"தெரியும் சித்தி."

"ஒரு வார்த்தைக்கு இவ்ளோ இறாலா. தினமும் பேசு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அதற்குள் அவர்களுடைய காலடிக் குழிகள் தூர்ந்துவிட்டன. மாலதி பறியை வாங்கிக் கயிற்றைப் பிழிந்து அவனிடம் நீட்டினாள். அவன் கடித்துக்கொண்டான். மீதி தூரத்தை அவள் பேசாமல் மிதித்தாள்.

*

சாயங்காலம் சுப்பன் பண்ணைக்குக் கிளம்பும்போது, "மாப்ள இன்னிக்கு ஏரியில பிரசங்கமாமே," என்றார். தன்னைப் பற்றிய பகுதியையும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சுரேஷின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது.

மாலதிக்கு அவன் சொன்னது முழுவதும் பிடித்துவிடவில்லை. ரேடியோ என்றதற்கு அவன் இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கவனித்திருந்தாள். எதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தான் என்பதையும் கவனித்திருந்தாள். மோட்டார் விஷயம் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அவன் தட்டிக்கு வெளியே படித்துக்கொண்டிருந்தான். உள்ளே மாலதி அரிசி களைந்தாள்.

"அம்மா, ஜமுனா சித்தியோட சின்ன மருமகளுக்கு ஜோடி இல்லியாமே."

"வெண்ணிலாவுக்கா? ஆமா. போன வாரம் கூட கேட்டா."

"உன் கூட மிதிக்கச் சொல்லு. என் இடத்துல."

ராஜாத்தி ஆறிய கையை விரித்து மூடினாள். "குடுத்தா திரும்ப வராதுடி. அவளுக்கு நின்னுடும்."

"தெரியும்."

"நாளைக்கே சண்ட போட்டுக்கினு வந்து நிப்ப."

"வந்தா கரையில நிக்கிறேன்."

வெளியே பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. ராஜாத்தி தட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "கேட்டுக்கினுதான் கீறார்," என்றாள், குரலைத் தாழ்த்தாமல்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் மாலதி உட்கார்ந்தாள். சுரேஷ் பையை மடியில் வைத்துப் புத்தகத்தை எடுத்தான். அடையாளத்துக்கு வைத்த ரயில் டிக்கெட் புத்தகத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

"அதுல இன்னா வருது?" என்றாள் அவள். இதுவரை கேட்டதில்லை.

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒருத்தன் பனியில நடந்து போயிக்கினே கீறான்."

"எங்க?"

"இன்னும் தெரியல."

"எதுக்கு?"

"அதுவும் தெரியல. படிக்கணும்."

"படி."

அவன் படிக்க ஆரம்பித்தான். பஸ் பாலத்தைத் தாண்டியது. அவள் வெண்ணிலாவைப் பற்றிப் பேசினாள். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் என்றால் பயம், மிதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள், அம்மா திட்டியே கொன்றுவிடுவாள் என்றாள். ம் வந்தது. ஜமுனா சித்தி பறித்துக்கொண்ட இறாலைப் பற்றிச் சொன்னாள். ம் வந்தது. அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே பேசினாள். ஓர் இடத்தில் விழ வேண்டிய ம் விழவில்லை. அவள் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அவன் தலை தூக்கினான்.

"இன்னா நிறுத்திட்ட?" என்றான்.